பூட்டியிருந்த கதவுகளை எண்ணாமல் விட்டோம்

ஒரு மருத்துவத் திட்டத்தை மதிப்பிடப் போன முதல் நாள் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. காலை பத்தரை மணிக்கு அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தோம். கையில் 20 வீட்டு எண்கள். தட்டிப் பார்த்ததில் 7 வீடுதான் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள். "மாத்திரை வருதும்மா, நல்லாத்தான் பாக்குறாங்க" என்றார்கள். மீதி 13 வீட்டுக்கு நேரே "பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் திறந்திருந்த 13 வீடுகளைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினோம். ஒரு மணிக்கெல்லாம் சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த 20 படிவங்களையும் பிறகு தூக்கிப்போட வேண்டியிருந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏழை மக்களுக்கான மருத்துவத் திட்டங்களை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நாங்கள் இழந்த வாரங்கள் அவர்களுக்காவது மிச்சமாகும்.

நான் சமூகப்பணி படித்தவள். சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. இந்தக் குடியிருப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பூட்டிய கதவின் அர்த்தம் புரியாது. கூவம், அடையாறு கரைகளிலும் கடலோரத்திலும் இருந்த குடிசைகளை அகற்றி, அந்தக் குடும்பங்களை நகரத்தின் தெற்கு ஓரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுத்தடுத்துக் குடியமர்த்தினார்கள். செம்மஞ்சேரிக்கு 2004 சுனாமியில் வீடிழந்தவர்கள் போனார்கள். பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் போயின. வீடு இடம் மாறியது, ஆனால் பிழைப்பு பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். விடிவதற்கு முன்பே பஸ் பிடிக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ் காசு மிச்சம். நேரம் மிச்சமாகவில்லை.

அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில்தான் எங்கள் மதிப்பீடு. ஒரு தொண்டு நிறுவனம் அங்கே மூன்று ஆண்டாக ஒரு திட்டம் நடத்திவந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தோடும் இணைத்துவிடுவது, அப்புறம் மாதாமாதம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அதே பகுதிப் பெண்கள்தான் தன்னார்வலர்கள். நல்ல நோக்கம், உழைக்கிற பெண்கள். நான் போகும்போதே அவர்கள் பக்கம்தான் இருந்தேன், இன்றும் அப்படித்தான்.

அவர்களுடைய அறிக்கையில் பெரிய பெரிய எண்கள் இருந்தன. படித்தபோது மகிழ்ச்சியாகவும் இருந்தது. இரண்டாவது வாரம் பதிவேடுகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான், எண்ணப்பட்டவை சேவைகள் என்று தெரிந்தது. ஒரு அம்மாவுக்கு மாதம் ஒரு முறை அளவு பார்த்தால் வருடத்துக்கு 12 சேவை. அறிக்கையைப் படிக்கிறவர் அதை 12 ஆட்கள் என்று எடுத்துக்கொள்வார். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. நிதி கொடுத்தவர்களின் படிவத்தில் அந்தக் கட்டம்தான் இருந்தது, அதை நிரப்பினார்கள். ஆனால் திட்டத்தைப் பற்றி நமக்குத் தெரியவேண்டிய முதல் விஷயமே வேறு. இந்தக் குடியிருப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அதில் எத்தனை பேரை இந்தத் திட்டத்துக்குத் தெரியும்?

பதிவேட்டில் வந்தவர்களின் பெயர்தான் இருக்கும். வராதவர் அதில் இல்லை. அதனால் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் திட்டத்தை மதிப்பிட்டாலும் அது நல்ல திட்டமாகத்தான் தெரியும். எங்கள் முதல் நாள் தவறும் இதே வகைதான். காலை பத்தரை மணிக்குத் திறந்திருக்கும் வீடு என்றால், அங்கே பகலில் ஆள் இருக்கிறது. தன்னார்வலர்களும் பகலில்தான் போகிறார்கள். ஆக, திட்டம் யாரை எட்டியதோ அவர்களையே நாங்களும் எட்டி, "எட்டியிருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வந்தோம். பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டைச் சேர்த்த அந்த ஒரு செயலால், எதைத் தெரிந்துகொள்ள வந்தோமோ அதையே அழித்துவிட்டோம்.

புது ஒழுங்கு போட்டோம். ஒரு வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போகவேண்டும். ஒரு முறை பகலில், ஒரு முறை இரவு ஏழு மணிக்கு மேல், ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை. மூன்றும் தவறினால்தான் "கிடைக்கவில்லை" என்று எழுதலாம், அப்போதும் மாற்று வீடு கிடையாது. எத்தனை வீடு கிடைக்கவில்லை என்பதும் அறிக்கையில் வரவேண்டும். என்னோடு வந்த இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். இரவில் போவதற்கு எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. நாங்கள் எப்போதும் இரண்டு பேராகப் போனோம், அதே ப்ளாக்கில் இருக்கும் ஒரு அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டோம், அதற்கு அவருக்குப் பணம் கொடுத்தோம். அந்தப் பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவையுங்கள். நடுவில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இரவு எட்டு மணிக்குத் திறந்த கதவுகள் வேறு கதை சொல்லின. லோடு ஏற்றுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்கள். பலருக்கு ரத்த அழுத்தத்தை ஒருமுறைகூட யாரும் அளந்ததில்லை. ஏற்கெனவே தெரிந்தவர்களில் பலர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரையால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒவ்வொரு மாதமும் டிக் இருந்தது. தொடர்ந்து மருந்து பெறுகிறவர், நடுவில் ஒரு மாதமும் விடவில்லை. நாங்கள் பார்த்த பதிவுகளிலேயே மிக ஒழுங்கான பதிவுகளில் அதுவும் ஒன்று. நேரில் போனபோதுதான் தெரிந்தது, மாத்திரையைக் கீழே வந்து வாங்கிப்போவது பள்ளிக்கூடம் போகும் பேத்தி. டிக் பொய் இல்லை, மாத்திரை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் கடைசியாக ஒரு டாக்டரைப் பார்த்தது காலை எடுத்த பிறகு தையல் பிரித்தபோது. மிச்சமிருந்த காலின் பாதத்தில் ஒரு புண் இருந்தது. அதை அவர் எங்களிடம் காட்டவில்லை, பேத்திதான் சொன்னாள்.

அவர் ஒரு நைலான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எறங்கறது பெரிசில்லம்மா, திரும்ப ஏத்தறதுக்கு ரெண்டு ஆளு வேணும்" என்றார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் வடிவமைத்த படிவத்தில் "மருந்து கிடைக்கிறதா: ஆம்/இல்லை" என்ற கேள்விக்கு அவர் "ஆம்" என்றுதான் வந்திருப்பார்.

வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டூடர் ஹார்ட் 1971இல் எழுதினார்: மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அது ஒரே குடியிருப்புக்குள், தரைத்தளத்துக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவிலும் உண்மை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு எந்த மாடி என்பதைப் படிவத்தில் முதல் கேள்வியாக வைத்தோம். மாடி வாரியாகப் பிரித்துப் பார்க்காத எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சராசரியையும் நான் இப்போது நம்புவதில்லை.

சரி, எட்டியவர்களுக்காவது பலன் கிடைத்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை ஏணிப்படி மாதிரி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு புள்ளியியல்காரர். 100 பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவர் எத்தனை? அதில் மாத்திரை எடுப்பவர் எத்தனை? அதில் அளவு 140/90க்குக் கீழே, அதாவது கட்டுக்குள், இருப்பவர் எத்தனை? ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டே வருவார்கள். எந்தப் படியில் அதிகம் உதிர்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் திட்டம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். 2020இல் தமிழ்நாடு முழுவதும் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான், சர்க்கரையில் 10.8 சதவீதம் பேருக்கு. இவ்வளவு ஆஸ்பத்திரி உள்ள மாநிலத்தில் இந்த நிலைமை. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்தத் தேவை இருந்தது. ஒரு திட்டம் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தது என்பது நடுப்படி. கடைசிப் படியை எண்ணாமல் அறிக்கையை மூடாதீர்கள்.

கடைசிப் படியை எண்ண, பதிவேட்டில் உள்ள அளவுகளையே எடுத்துக்கொள்ளலாமே என்று எங்களுக்கும் ஆசை வந்தது. அப்போது அந்தப் புள்ளியியல்காரர் ஒரு வேலை சொன்னார். ஒவ்வொரு அளவின் கடைசி இலக்கத்தையும் மட்டும் எண்ணிப் பாருங்கள் என்றார். டிஜிட்டல் கருவியில் அளந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறையச் சமமாக வரவேண்டும், அதாவது பத்தில் ஒன்றுதான் 0இல் முடியும். பழைய பாதரசக் கருவி என்றால் இரட்டைப்படை எண்கள்தான், அப்போதும் ஐந்தில் ஒன்றுதான் 0. எங்கள் கையிலிருந்த பதிவேட்டில் 130/80, 120/80, 140/90 என்று பக்கம் பக்கமாக 0. கருவி டிஜிட்டல்.

இதைத் திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு தன்னார்வலர் அக்காவோடு மூன்று நாள் பின்னாலேயே நடந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு. பை நிறைய மாத்திரை, பதிவேடு, கருவி. படி ஏறி இறங்க வேண்டும். கருவியின் பேட்டரி போனால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். முறைப்படி அளப்பதென்றால் நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, இரண்டு முறையாவது அளக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அவருக்குக் கொடுத்திருந்த இலக்கில் அதற்கு நேரமே இல்லை. போன மாத அளவைப் பார்த்து இந்த மாத அளவை எழுதுவது அங்கே பிறந்தது. இலக்கு வைத்தவர்கள் செய்த பிழைக்கு அந்த அக்காவை அறிக்கையில் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி இலக்கக் கணக்கை எழுதினேன், பக்கத்திலேயே நேரக் கணக்கையும் எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை.

நாங்களே திரும்ப அளந்தோம். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. முகாமில் ஒரே ஒரு முறை அளந்து 160க்கு மேல் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அடுத்த மாதம் அளந்தால், மருந்தே கொடுக்காவிட்டாலும் அவர்களின் சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கும். படியேறி வந்த மூச்சிரைப்பிலும் பதற்றத்திலும் அன்று ஏறியிருந்தது அடுத்த முறை தானாகத் தணிந்துவிடும். திட்டத்தால் குறைந்தது என்று கொண்டாடிவிடுவோம். முதல் அளவே இரண்டு வேறு நாட்களில் எடுக்கப்பட்டிருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு போய்விடும். அல்லது திட்டம் இன்னும் போகாத பக்கத்து ப்ளாக்குகளில் இதே மாதிரி அளந்து ஒப்பிட வேண்டும். எங்களுக்குத் தொடக்க அளவு சரியாக இல்லாததால் இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில் எனக்குப் பயன்பட்டது 19 பேர் முறை. 1920களில் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கக் கண்டுபிடித்த வழி, பிறகு பொது சுகாதாரத்துக்கு வந்தது. குடியிருப்பைத் தன்னார்வலர் பகுதி வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் 19 பேரை எடுக்க வேண்டும். இலக்கு 80 சதவீதம் என்றால், 19இல் குறைந்தது 13 பேருக்குச் சேவை போயிருந்தால் அந்தப் பகுதி தேறுகிறது. 12 அல்லது அதற்குக் கீழே என்றால் அங்கே கவனம் தேவை. ஐந்து பகுதி சேர்ந்தால் 95 பேர், மொத்தக் குடியிருப்புக்கும் ஏறக்குறைய ஒரு மதிப்பீடு கிடைத்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது, எந்தப் பகுதிக்கு உதவி வேண்டும் என்று உடனே சொல்லிவிடலாம், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். குலுக்கலை மட்டும் நாமே செய்ய வேண்டும். திட்டக்காரர்கள் "இந்த வீட்டைப் பாருங்க மேடம்" என்று அன்பாகக் காட்டும் வீடுகள் எல்லாம் அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகள்.

கேள்வி கேட்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். "சேவை திருப்தியா?" என்று கேட்டால் "திருப்திதாம்மா" என்றுதான் பதில் வரும். இல்லையென்று சொன்னால் வருகிற மாத்திரையும் நின்றுவிடுமோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. தன்னார்வலர் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். நாங்கள் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஒரு நாளை மட்டும் கேட்டோம். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எப்படிப் போனீர்கள், ஓபி சீட்டு எப்போது கிடைத்தது, டாக்டர் என்ன கேட்டார், எப்போது வீடு திரும்பினீர்கள், அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா, கூட வந்தவர் வேலைக்குப் போனாரா. ஒரு நாளைக் கேட்டால் கதை தானாக வரும்.

இப்படிக் கேட்டபோது "இலவச" வைத்தியத்தின் விலை தெரிந்தது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். காலையில்தான் ஓபி. ஒரு நாள் கூலி போச்சு, கூட வந்த மகனின் கூலியும் போச்சு, ஷேர் ஆட்டோ, டிபன், டீ. ஒரு அம்மா சொன்னார், "லீவு போட்டா அந்த வீட்டுக்காரம்மா வேற ஆள வச்சிருவாங்க." ஒரு நாள் சம்பளம் போவதைப் படிவத்தில் எழுதலாம். வேலையே போய்விடுமோ என்ற பயத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாங்கள் தனியாக ஒரு கட்டம் போட்டோம்.

பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க, ஏன் தனியார் கிளினிக்குக்குப் போய் இருநூறு ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று திட்டக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். விழிப்புணர்வு இல்லை என்பது அவர்கள் முடிவு. மக்களிடம் கேட்டால் பதில் ஒரே வரி: "அந்த டாக்டரு ராத்திரி ஒம்பது மணிக்கும் இருப்பாரு." விழிப்புணர்வு இல்லை என்று எழுதும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு நேரத்தையும் தூரத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். 2023 ஜூனில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது, காலையோடு மாலை நாலிலிருந்து எட்டு மணி வரையும் வேலை நேரம் வைத்தார்கள். வேலைக்குப் போகும் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த இரவுகளில் கதவு தட்டியவர்களுக்குத்தான் புரியும்.

மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் எனக்குப் பாடப்புத்தகமாக இருந்தன. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். "கால் வீங்குது, இதுக்கு பிபியே தேவலை" என்று நிறுத்தியிருந்தார்கள். வேறு மாத்திரை மாற்றித் தரமுடியும் என்று யாரும் சொல்லவில்லை. அரசு கொள்முதலில் கம்பெனி மாறும்போது மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறும், அது வேறு மருந்து என்று பயந்து விட்டவர்கள் இருந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பாதிப்பாதியாகச் சாப்பிட்ட வீடும் உண்டு. என்னை மிகவும் உறுத்தியது நீர் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். வேலை செய்யும் வீடுகளில் இந்தப் பெண்களைக் கழிப்பறைக்கு விடுவதில்லை. அதனால் வேலை நாட்களில் மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிறேன் என்று ஒரு அக்கா சொன்னார். "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று அவர் ஓபி நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

பட்டியலிலேயே இல்லாதவர்களைத் தேடுவது இதைவிடக் கடினம். ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒருவர் பெயர், வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வேறொருவர். கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேர். ஒரு வீட்டில் மூன்று திருநங்கைகள் இருந்தார்கள், அவர்கள் வீட்டுக்கு யாரும் கருவியோடு போனதே இல்லை. ரேஷன் அட்டை இன்னும் பழைய முகவரியில் இருப்பவர்களும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேர அட்டையும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும், முகவரி குழப்பமாக இருந்தால் அலைச்சல்தான். டீக்கடை, இஸ்திரி வண்டி, தண்ணீர் லாரி வரும் இடம், இந்த மூன்றிலும் உட்கார்ந்து "லிஸ்ட்ல இல்லாதவங்க யாரு?" என்று கேட்டுத்தான் இவர்களைக் கண்டுபிடித்தோம். இஸ்திரி போடும் அண்ணனுக்குத் தெரியாத வீடு அங்கே இல்லை.

ஒன்றை நாங்கள் முன்கூட்டியே யோசிக்கத் தவறினோம். ஒரு இரவு எங்கள் குழு அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கு அளந்தபோது 210/120 காட்டியது. அவருக்குத் தலைவலி, கண் மங்கல். எங்கள் வேலை மதிப்பீடு மட்டும்தானே என்று ஒரு நொடிகூட நினைக்கக் கூடாது. 108க்குக் கூப்பிட்டோம், வந்தது, கூடவே போனோம். ஆனால் அளவு எதைத் தாண்டினால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது, கூடப் போவது யார் என்று எழுதிவைத்த தாள் எங்களிடம் இருக்கவில்லை. மறுநாளே எழுதினோம். அளவெடுக்கும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தத் தாள் பையில் இருக்க வேண்டும்.

முடிவுகளை முதலில் தன்னார்வலர் அக்காக்களிடம்தான் சொன்னோம், நிர்வாகத்திடம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பால்வாடிக் கூடத்தில். சுவரில் குடியிருப்பின் வரைபடத்தை ஒட்டி, எட்டிய வீட்டுக்குப் பச்சைப் பொட்டு, எட்டாததற்குச் சிவப்பு. தரைத்தளமும் முதல் மாடியும் பச்சையாக இருந்தன. மேலே போகப் போகச் சிவப்பு. யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அக்கா எழுந்து வந்து, அவர் பகுதியில் நாங்கள் பச்சை வைத்திருந்த இரண்டு வீட்டில் தானே சிவப்பை ஒட்டினார். அந்தக் கூட்டத்தில்தான் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போவது, ஒரு நாளைய வீட்டு எண்ணிக்கையைப் பாதியாக்கக் கேட்பது, பதிவேட்டில் "வீட்டில் எப்போது இருப்பார்" என்று ஒரு கட்டம் சேர்ப்பது எல்லாம் முடிவானது. யோசனை அவர்களுடையது. எண்ணிக்கையைக் குறைக்க நிறுவனம் மூன்று மாதம் ஒப்புக்கொள்ளவில்லை, பிறகு ஒப்புக்கொண்டது.

ஆறாவது மாடிப் பெரியவருக்கு அந்த வாரமே செவிலியர் ஏறிப்போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். வாரம் இரண்டு முறை வருவதாக ஏற்பாடு. லிஃப்ட் விஷயத்தை அறிக்கையில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. இது மருத்துவ மதிப்பீடு, அது வேறு துறை என்றார்கள். நான் விடவில்லை. பரிந்துரைகளில் முதலாவதாக அதைத்தான் எழுதினோம், கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். நான் கடைசியாகப் போனபோது இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.